டிராக்டரை யார்டில் கட்டிப்போடாதீர்கள்: சர்க்கரை ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் சர்க்கரைத் துறைத் தலைமைக்கும், கூட்டுறவு சர்க்கரை ஆலைகள், தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் ஆலைகள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பிழைப்புக்குச் செய்வது சரக்கு வண்டிகளுக்குத் தடம் போட்டுக் கொடுக்கும் வேலை. எந்த வண்டி, எந்த நேரத்தில், எந்த வழியாக, எதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வேன். இந்த இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். கரும்பு ஏற்றி வரும் டிரெய்லர் உங்கள் யார்டில், அதாவது வண்டிகள் முறைக்கு நிற்கும் ஆலை வளாகத்தில், காத்திருக்கட்டும். அதை இழுத்து வந்த டிராக்டரையும் ஓட்டுநரையும் அதோடு சேர்த்துக் காத்திருக்க வைக்காதீர்கள்.

அரவைப் பருவத்தில் எந்த ஆலையின் யார்டுக்குப் போனாலும் வரிசை வரிசையாக டிராக்டர்கள் நிற்பதைப் பார்க்கலாம். டோக்கன் வாங்கியாயிற்று, இனி எடைமேடைக்கு முறை வர வேண்டும். ஓட்டுநர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். சாப்பாடு, டீ எல்லாம் அவர் கைக்காசு. வாடகை டன் கணக்கில் என்பதால் நிற்கும் நேரத்துக்கு யாரும் எதுவும் தருவதில்லை. அதே நேரத்தில் ஊரில் வயல் வரப்பில் வெட்டு ஆட்கள் இருப்பார்கள். வெட்டிக் கட்டிய கரும்பு தரையில் கிடக்கும், ஏற்ற வண்டி வந்திருக்காது. அவர்களுக்கும் கூலி டன் கணக்கில்தான், வண்டி வராத நேரம் அவர்களுக்கும் வெறும் நேரம். வெட்டு ஆட்களின் மேஸ்திரி, யார்டில் இருக்கும் ஓட்டுநருக்குப் போன் போட்டபடி இருப்பார். வயலின் உரிமையாளர் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வெயிலைப் பற்றி அவர் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டிய நிமிடத்திலிருந்து கரும்பில் ஈரம் ஆவியாகிறது, எடை குறைகிறது. உள்ளே இருக்கும் சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைய ஆரம்பிக்கிறது. வெட்டுவாயில் பாக்டீரியா புகுந்து டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பை உண்டாக்குகிறது. அது சாற்றைச் சர்க்கரையாகப் படிய விடாமல் ஆலைக்கே தலைவலியாகிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆலையின் கரும்பு உதவியாளர்கள் எங்களுக்கு ஓயாமல் சொல்வதும் இதனால்தான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, சர்க்கரைக் கட்டுமானம் (அரைத்த கரும்பில் நூற்றுக்கு எவ்வளவு சர்க்கரையாகக் கிடைக்கிறது என்ற அளவு) 10.25 சதவீதம் இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் 329 ரூபாய் 5 காசு. நம் ஆலைகள் பலவற்றில் அந்த 9.5ஐத் தொடுவதே பெரும்பாடு. அதனால் கீழ்விலையையே எடுத்துக்கொள்வோம். 10 டன் ஏற்றிய ஒரு டிரெய்லரில் காய்ந்து போவது நூற்றுக்கு இரண்டு என்று வைத்தாலே 200 கிலோ போகிறது. விவசாயிக்கு ஒரு லோடில் 650 ரூபாய்க்கு மேல் நட்டம். இது எடையில் மட்டும். சர்க்கரைக் கட்டுமானத்தில் விழும் அடி ஆலைக்கு, அப்புறம் சுற்றி வளைத்து எல்லோருக்கும்.

இதற்கு வழக்கமாகக் கேட்கிற பதில் தெரியும். “வண்டி பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை, பாய்லர் பழசு, அரவைத் திறன் குறைவு.” ஆட்கள் பற்றாக்குறையும் பழைய இயந்திரங்களும் உண்மைதான். ஆனால் வண்டிப் பற்றாக்குறை என்பதில் பெரும்பகுதி நாமே உண்டாக்கியது. வண்டி இருக்கிறது, யார்டில் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் பதிவேட்டில் இருக்கும் உண்மையான நேரங்களைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். வயல் ஆலையிலிருந்து 18 கிலோமீட்டர். லோடோடு வர ஒன்றேகால் மணி நேரம், காலியாகத் திரும்ப ஒரு மணி நேரம். வயலில் ஏற்ற 5 மணி நேரம். யார்டில் காத்திருந்து, எடை போட்டு, இறக்கி வெளியே வர 9 மணி நேரம். ஒரு சுற்றுக்கு மொத்தம் பதினாறேகால் மணி நேரம் ஆகிறது. அதில் டிராக்டர் சக்கரம் சுழல்வது இரண்டேகால் மணி நேரம். மீதி 14 மணி நேரம் டிராக்டர், டிரெய்லரின் முன்னால் சும்மா நிற்கிறது. நடைமுறையில் நாளைக்கு ஒரு நடைதான்.

இப்போது டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின்னைக் கழற்றுவோம். வயலுக்குப் போகும் டிராக்டர் காலி டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு, ஏற்கெனவே ஏற்றி நிற்கும் இன்னொன்றைக் கோத்துக்கொண்டு ஆலைக்கு வருகிறது. எடை போட்டு, யார்டில் லோடை விட்டுவிட்டு, இறக்கி முடித்த ஒரு காலி டிரெய்லரைக் கோத்துக்கொண்டு உடனே கிளம்புகிறது. கழற்ற, கோக்க முக்கால் மணி நேரம் சேர்த்தாலும் ஒரு சுற்றுக்கு 3 மணி நேரம்தான். 12 மணி நேரத்தில் 4 நடை என்று தாளில் வரும். எடைமேடை நெரிசல், டயர் பஞ்சர், சாப்பாட்டு நேரம் எல்லாம் இருக்கிறது, ஆகவே 3 என்றே வைத்துக்கொள்வோம்.

நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையை எடுத்துக்கொண்டால் அது 250 லோடு. இன்றைய முறையில் 250 டிராக்டர், 250 டிரெய்லர். கழற்றிக் கோக்கும் முறையில் 84 டிராக்டர் போதும். டிரெய்லர்கள் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெட்டு பகலில் நடக்கிறது, அரவை இரவும் பகலும் நடக்கிறது. அதனால் சில டிரெய்லர்கள் வயலில் இரவு தங்கும், சில யார்டில் தங்கும். ஒரு டிராக்டருக்கு 4 என்று வைத்தால் 336. அதாவது இப்போது இருப்பதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு டிரெய்லர் சேர்த்தால், மூன்றில் இரண்டு பங்கு டிராக்டர் விடுபடுகிறது. டிரெய்லர் விலை டிராக்டர் விலையில் ஒரு பகுதிதான், அதற்கு டீசலும் வேண்டாம், ஓட்டுநரும் வேண்டாம்.

இந்த இடத்தில் யார்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் “யார்டில் வண்டியே நிற்கக் கூடாது” என்று நான் கேட்பதாக நினைத்துவிடக் கூடாது. 2,500 டன் ஆலைக்கு மணிக்கு 104 டன் வேண்டும், ஆறு நிமிடத்துக்கு ஒரு லோடு. இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை வயலிலிருந்து கரும்பு வராது என்று கொண்டால், அந்த 12 மணி நேரத்துக்கான 1,250 டன், அதாவது 125 லோடு, முன்கூட்டியே யார்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவில், கரும்பை அரவைக்குக் கொண்டுபோகும் கேரியர் காலியாகி அரவை நிற்கும். ஆக, இரவு 125 டிரெய்லர் நிற்பது தவறல்ல, அது ஆலையின் இருப்பு. அதன் முன்னால் 125 டிராக்டர்களும் 125 ஓட்டுநர்களும் கொசுக்கடியில் விடிய விடியக் கிடப்பதற்குத்தான் எந்த அவசியமும் இல்லை.

இப்படி வண்டியையும் பின்பெட்டியையும் தனித்தனியாக வைத்துத் தடம் போடுவது புதிய யோசனை அல்ல. சரக்கு வண்டித் தடக் கணக்கை முதலில் கணித வடிவில் எழுதியவர்கள் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும். ஆண்டு 1959. பெட்ரோல் கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்புவது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கழற்றிவிடும் டிரெய்லர் அந்தக் கணக்குக்குள் நுழைந்தது பிற்பாடு. 1993இல் ஸ்விட்சர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் 45 கடைகளுக்குத் தடம் போட்டார்கள். மலைப்பாங்கான பகுதி, சில கடைகளுக்கு டிரெய்லரோடு போகவே முடியாது. நார்வேயில் பால் சேகரிக்கும் வண்டிகளுக்கும் அதே சிக்கல்: சிறிய பண்ணைகளின் குறுகிய பாதையில் டிரெய்லர் நுழையாது. ஆகவே பெரிய சாலையில் ஓரிடத்தில் அதை விட்டுவிட்டு, லாரி மட்டும் உள்ளே போய்ப் பாலை எடுத்து வந்து டிரெய்லர் தொட்டிக்கு மாற்றிவிட்டு, மறுபடி உள்ளே போகும். 2002இல் சாவ் என்ற ஆய்வாளர் இதைப் பொதுவான ஒரு கணக்காக எழுதி, சோதித்துப் பார்க்க மாதிரிகளையும் கொடுத்தார். அதன்பின் ஏராளமானோர் அதைத் தீர்க்கும் வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

கரும்பிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆலைகள் 610 மில்லிமீட்டர் அகலக் குட்டி ரயில்பாதைகளை வைத்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 4,000 கிலோமீட்டர் அளவுக்கு. வயலருகே உள்ள கிளைப்பாதையில் காலித் தொட்டிகளை விட்டுவிட்டு, நிரம்பியவற்றை இன்ஜின் இழுத்துப் போகும். தொட்டி நிரம்பும் வரை இன்ஜின் பக்கத்தில் நிற்பதில்லை. பிரேசிலில் 74 டன் மொத்த எடையோடு இரட்டை டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள் கரும்பு கொண்டுவருகின்றன. அங்கேயும் நிரம்பியதை எடுத்துக் காலியை விடும் முறை பழக்கத்தில் இருக்கிறது. நமக்கு ரயில்பாதையும் வேண்டாம், 74 டன் வண்டியும் வேண்டாம். நம் சாலைகளும் வயல்களும் அதற்குப் பொருந்தாது. நம்மிடம் டிராக்டர் இருக்கிறது, டிரெய்லர் இருக்கிறது, நடுவில் ஒரு பின் இருக்கிறது. அதுவே போதும்.

ஆனால் வெளிநாட்டு ஆய்வுகளை அப்படியே எடுத்து நம் ஆலைக்குப் பொருத்த முடியாது என்பதையும் என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மளிகை வண்டி ஒரே நடையில் பத்துக் கடைக்குப் போகும், எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்பதில் தூரம் மிச்சமாகும். கரும்பில் ஒரு வயல் என்பதே பல லோடு. வயலுக்கும் ஆலைக்கும் இடையே தூரம் மாறப்போவதில்லை. நாம் மிச்சம் பிடிக்க வேண்டியது நேரத்தை. எந்த வெட்டுக் கேங்குக்கு எப்போது காலி டிரெய்லர் தேவைப்படும், எது எப்போது நிரம்பும், ஆலையிலிருந்து கிளம்பும் டிராக்டர் எந்தத் திசைக்குக் காலியைக் கொண்டு போனால் அதே திசையில் நிரம்பியது ஒன்று தயாராக இருக்கும் என்பதுதான் கணக்கு. டிராக்டர் வெறுமனே, பின்னால் எதுவும் கோக்காமல் ஓடும் கிலோமீட்டரைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நல்ல திட்டத்துக்கு அடையாளம். இதற்கு வெளிநாட்டு மென்பொருள் தேவையில்லை. ஒரு கோட்டத்துக்கு, அதாவது ஆலைக்குக் கரும்பு தரும் ஒரு பகுதிக்கு, ஒரு கணினி, வயல்களின் இடம், கேங்குகளின் வேகம், ஓட்டுநர்களின் கைப்பேசி எண்கள் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

மண்பாதை விஷயத்தில் மட்டும் நார்வே பால் வண்டியின் வழி நமக்கு நேராகப் பொருந்துகிறது. வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் லாரி இறங்காது, ஈரம் இருந்தால் நிரம்பிய டிரெய்லரையும் சிறிய டிராக்டர் இழுக்காது. தார்ச்சாலையில் சேரும் இடத்தில் ஒரு கோக்குமிடம் இருந்தால், உள்ளூர் டிராக்டர் வயலிலிருந்து அங்கு வரை இழுத்து விடட்டும், நெடுந்தூரத்துக்கு வேறு டிராக்டர் எடுத்துப் போகட்டும். ஊருக்கு அரை ஏக்கர் களமோ புறம்போக்கோ பருவத்துக்கு மட்டும் ஊராட்சியிடம் கேட்டு வாங்கலாம். கப்பி போட்டு இறுக்கிய தரை, ஒரு விளக்கு, போதும்.

சாலையோரத்தில் விடலாமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். இருட்டில், பிரதிபலிப்பு நாடாகூட ஒட்டாத கரும்பு டிரெய்லரில் இருசக்கர வண்டியில் வந்தவர்கள் மோதிச் செத்த செய்தி ஒவ்வொரு பருவமும் வருகிறது. கழற்றிவிடும் முறை வந்தால் தனியாக நிற்கும் டிரெய்லர்கள் அதிகமாகும், ஆகவே இந்த ஆபத்தும் அதிகமாகும். கோக்குமிடம், வயல், யார்டு தவிர வேறெங்கும் கழற்றக் கூடாது என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். பின்னாலும் இரு பக்கமும் நாடா ஒட்டாத டிரெய்லருக்குப் பருவத் தொடக்கத்தில் பதிவே கொடுக்காதீர்கள். ஒரு டிராக்டரில் இரண்டு டிரெய்லர் கோப்பது மகாராஷ்டிராவிலும் கர்நாடகத்திலும் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி, இங்கேயும் அந்த ஆசை வரும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல் அதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். இறக்கத்தில் பின்பெட்டி முன்னால் தள்ளினால் டிராக்டர் தாங்காது. ஒன்று மட்டும் கோத்து மூன்று நடை ஓடினாலே இப்போதைய நிலைமைக்கு எவ்வளவோ மேல்.

அளவுக்கு மீறி ஏற்றுவதும் இதில் குறையும் என்று நினைக்கிறேன். ஏன் மின்கம்பியைத் தொடும் அளவுக்கு அடுக்குகிறார்கள்? நாளைக்கு ஒரே நடை என்று தெரிந்தால், அந்த ஒன்றில் முடிந்த அளவு ஏற்றிவிடத்தான் யாருக்கும் தோன்றும். நடை மூன்றாகும்போது அந்த நெருக்கடி இல்லை. ஏற்றும் ஆட்களுக்கும் அது பெரிய விடுதலை. தலைச்சுமையாகக் கட்டைத் தூக்கிக்கொண்டு சரிந்த பலகையில் ஏறி லாரி உச்சிக்குப் போகிறவர்களின் கழுத்தையும் முட்டியையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். தாழ்வான டிரெய்லர் காலையிலேயே வயலில் வந்து நின்றால், வெட்ட வெட்ட ஏற்றலாம், மதிய வெயிலில் மொத்தமாக ஏற்ற வேண்டியதில்லை.

சில தொழில்நுட்ப விஷயங்களை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நான்கு சக்கர டிரெய்லர் கழற்றினால் தானே நிற்கும். இரண்டு சக்கர டிரெய்லரின் முன்பாரம் டிராக்டரின் கொக்கி மேல் இருக்கிறது, லோடோடு கழற்ற உறுதியான தாங்குகால் வேண்டும். வெறும் கல்லையும் கட்டையையும் முட்டுக்கொடுத்துக் கழற்றினால் ஆள் உயிர் போகும். கொக்கியின் உயரமும் பின்னின் பருமனும் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோக்க முடியாத டிரெய்லரோடு மல்லுக்கட்டியே நேரம் போகும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை ஒவ்வொரு டிரெய்லரிலும் சங்கிலியில் தொங்க வேண்டும்.

யார்டுக்குள் டிராக்டர் இல்லாத டிரெய்லரை இறக்குமிடத்துக்கு யார் இழுப்பது? ஆலைக்கென்று நாலைந்து யார்டு டிராக்டர்கள் வேண்டும், ஷிப்டுக்கு ஆள் போட்டு. ஆறு நிமிடத்துக்கு ஒரு லோடு கேரியருக்குப் போக வேண்டும் என்ற கணக்கை வைத்தால் இந்த எண்ணிக்கை தாங்கும். நிரம்பியவை ஒரு பக்கம், காலி ஒரு பக்கம், வந்த வரிசை கலையாமல் நிறுத்தத் தரையில் கோடு போட்ட இடம். இது இல்லாமல் கழற்றச் சொன்னால் முதல் நாளே யார்டு அடைத்துக்கொள்ளும், மறுநாள் எல்லோரும் “பழைய முறையே தேவலை” என்பார்கள். நல்ல யோசனைகள் பலவும் இப்படித்தான் ஒரு வாரத்தில் சாகின்றன.

சட்டப் பக்கத்தில் போக்குவரத்துத் துறையோடு உங்கள் துறை உட்கார்ந்து பேச வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவின்படி, இழுக்கும் வண்டியின் பதிவெண் பின்னால் வரும் டிரெய்லரில் தெரிய வேண்டும். டிரெய்லர் மாறிக்கொண்டே இருந்தால் பலகையும் மாற வேண்டும். செருகி எடுக்கும் பலகை ஒன்றைப் பொதுவாக ஏற்றுக்கொண்டால் இது சின்ன விஷயம். காப்பீடு பெரிய விஷயம். டிராக்டருக்குக் காப்பீடு இருந்து டிரெய்லருக்கு இல்லாமல், விபத்துக்குப் பின் இழப்பீட்டு வழக்கு வருடக்கணக்கில் இழுபட்ட குடும்பங்கள் உண்டு. எந்த டிராக்டரோடு கோத்தாலும் செல்லும்படி ஆலையே மொத்தமாக ஒரு காப்பீடு எடுக்க வேண்டும். அது இல்லாமல் அடுத்தவர் டிரெய்லரைக் கோக்கச் சொல்லி ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி. 250 டிராக்டர் ஓடிய இடத்தில் 84 போதும் என்றால், மற்ற 166 டிராக்டர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் கடனில் ஒரு டிராக்டரும் ஒரு டிரெய்லரும் வாங்கியவர்கள். ஒப்பந்தக்காரர் ஒருவரே 84 டிராக்டரையும் எடுத்துக்கொண்டு இவர்களை வெளியே தள்ளினால், நான் இந்த மடலை எழுதியதற்கே வருந்துவேன். அப்படி ஆகத் தேவையில்லை. மூன்று டிராக்டர்காரர்கள் ஒரு குழுவாகட்டும். அவர்களிடம் மூன்று டிரெய்லர் இருக்கிறது, நாலாவதை ஆலை வாடகைக்கோ கடனுக்கோ கொடுக்கட்டும். ஒரு டிராக்டர் கரும்பு இழுக்கும், மற்ற இரண்டும் ஏர் ஓட்டவோ நெல் அறுவடை முடிந்த வயலைத் தயார் செய்யவோ போகும். முறை மாறி மாறி வரும். டன் கணக்கு வாடகை மூவருக்கும் பொது. அதே லோடுக்கு அதே பணம் வருகிறது, அதற்கு மேல் விடுபட்ட இரண்டு டிராக்டரின் சம்பாத்தியமும் சேர்கிறது. ஒப்பந்தத்தைத் தனி ஆளுக்குக் கொடுக்காமல் இப்படிப்பட்ட குழுக்களுக்குக் கொடுப்பது கூட்டுறவு ஆலைக்கு இயல்பாகவே பொருந்தும்.

இதே போன்ற கவலை சிறு விவசாயி பற்றியும் உண்டு. கணினியிடம் “செலவைக் குறை” என்று மட்டும் சொன்னால் அது சாலையோரம் இருக்கும் பெரிய வயல்களை முதலில் எடுக்கும், மண்பாதையில் உள்ளே இருக்கும் ஒரு ஏக்கர்காரரைக் கடைசிக்குத் தள்ளும். பிப்ரவரியில் வெட்ட வேண்டிய கரும்பு ஏப்ரலில் பூத்து, உள்ளே சாறு வற்றி நெட்டியாகி நிற்கும். அவர் வேறு ஆலைக்கும் போக முடியாது. 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பகுதியின் கரும்பு அந்தந்த ஆலைக்குத்தான். விவசாயிக்கு வேறு வழி இல்லாதபோது வரிசையை நேர்மையாக வைக்கும் கடமை முழுக்க ஆலையுடையது. நடவுத் தேதி, முதிர்ச்சி, மறுதாம்பா (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தது) புதுநடவா என்ற வரிசைப்படிதான் வெட்டு உத்தரவு போக வேண்டும். அந்த வரிசைக்குள்தான் தடம் போட வேண்டும். வரிசையைக் கலைத்துத் தடம் போடக் கூடாது. யாருடைய சிபாரிசிலாவது ஒரு டோக்கன் முன்னால் போனால் திட்டம் முழுவதும் குலைந்துபோகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைய வரிசையை எல்லோரும் பார்க்கும்படி யார்டு வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

டிரெய்லரைக் கழற்றிவிட்டதாலேயே கரும்பு காயாமல் இருந்துவிடாது. டிராக்டரின் காத்திருப்பு தீரும், கரும்பின் காத்திருப்பு அப்படியே இருக்கலாம். இன்னும் சொன்னால், டிராக்டர்கள் வேகமாக நடை அடித்தால் யார்டில் கரும்பு மேலும் குவியும். அதனால் வெட்டு உத்தரவைத் தேதிக் கணக்கில் கொடுப்பதை விட்டு மணிக் கணக்கில் கொடுக்க வேண்டும். இந்தக் கோட்டத்திலிருந்து காலை 10 முதல் 12க்குள் 8 லோடு, அடுத்ததிலிருந்து 12 முதல் 2க்குள் 10 லோடு என்று. ஆலை பழுதாகி நின்றால் அரை மணி நேரத்தில் எல்லா மேஸ்திரிக்கும் செய்தி போக வேண்டும்: இனி வெட்டாதே, வெட்டிக் கிடப்பதை மட்டும் ஏற்று. நிற்கும் கரும்பு கெடாது, வெட்டியதுதான் கெடும். இன்றைக்கு ஆலை நின்ற செய்தி விவசாயிக்குத் தெரிவது யார்டில் வரிசை நகராமல் இருக்கும்போதுதான்.

அரவை நின்றுபோன ஆலைகளின் பகுதியிலிருந்து மாவட்டம் தாண்டி வரும் கரும்பு லாரியில் வருகிறது, அதைக் கழற்ற முடியாது. அந்த லாரிகளுக்கு நேரம் குறித்த டோக்கனும் தனி இறக்குமிடமும் கொடுத்தால் போதும். டிராக்டர் வரிசை குறைந்தாலே அவர்களுக்கும் வழி கிடைக்கும்.

எல்லா ஆலையிலும் ஒரே பருவத்தில் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆலை, அதில் ஒரே ஒரு கோட்டம். ஆலையிலிருந்து 10 முதல் 25 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், டிராக்டர் அதிகம் ஓடும் பகுதியாக இருக்கட்டும். பத்துக் குழு, நாற்பது டிரெய்லர், இரண்டு கோக்குமிடம், இரண்டு யார்டு டிராக்டர். முதல் இரண்டு வாரம் குழப்பமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காமல் பருவம் முழுக்க விட வேண்டும். பக்கத்துக் கோட்டத்தைப் பழைய முறையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால், ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் நான்கு நேரங்களைக் குறித்து வையுங்கள்: வெட்டு தொடங்கிய நேரம், வயலை விட்டுக் கிளம்பிய நேரம், ஆலை வாசலுக்கு வந்த நேரம், இறக்கி வெளியேறிய நேரம். எடைச்சீட்டிலேயே இந்த நான்கையும் அச்சடித்து விவசாயிக்கும் ஓட்டுநருக்கும் கொடுங்கள். இப்போது எடைச்சீட்டில் டன் இருக்கிறது, தாமதம் இல்லை. ஒரு மாதத்துப் பதிவைப் பார்த்தாலே நான் மேலே போட்ட கணக்கு எவ்வளவு சரி, எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். வாசலுக்கு வந்து 6 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு என்று காத்திருப்புப் படி கொடுக்கும் விதியையும் அந்தச் சீட்டை வைத்தே கொண்டுவரலாம். அந்தச் செலவு ஆலையின் கணக்கில் ஏற ஆரம்பித்தால், யார்டு வரிசையைக் குறைக்கும் அக்கறை ஆலைக்குள்ளேயே பிறக்கும்.

கோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வயல்களின் பட்டியலையும் அந்த நான்கு நேரங்களையும் கொடுத்தால், தினசரித் தடத் திட்டத்தைப் பருவம் முழுவதும் சம்பளம் இல்லாமல் போட்டுத் தர நான் தயார். கரும்பு அலுவலர், வெட்டு மேஸ்திரி, டிராக்டர் குழுவினர், விவசாயிகள் சங்கப் பிரதிநிதி எல்லோரும் உட்காரும் ஒரு கூட்டத்தை அரவை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கூட்டுங்கள். தேதி சொன்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை, சரக்குத் தடத் திட்டமிடுபவன்